பெயார்ஃபுட் சேஃப்டி சப்பாத்து: பாரமான வேலைக்குப் புதிதாகப் போடுபவர்கள் அறியவேண்டியவை

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொழும்பில் ஏதாவது ஒரு கட்டட சைட்டை எட்டிப் பாருங்கள். சேஃப்டி சப்பாத்துகள் சுவரோரமாக வாய் திறந்து கிடக்கும். ஆட்கள் சிலிப்பரில் இருப்பார்கள், இல்லாவிட்டால் வெறுங்கால். சின்ன விரலின் பக்கத்தில் காய்ப்பு, பெருவிரல் நகம் கறுப்பு. சின்ன வயதிலிருந்து சிலிப்பரோடு திரிந்த பாதம் முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்தது. அதைக் கூம்பிய மூக்குள்ள சப்பாத்துக்குள் பத்து மணித்தியாலம் அடைத்தால் வேறென்ன நடக்கும்?

இதற்கு மாற்றாக வந்ததுதான் வெறுங்கால் பாணிச் சப்பாத்து. ஆங்கிலப் பெயரையே வைத்துப் பெயார்ஃபுட் சேஃப்டி என்கிறார்கள். விரல்கள் விரியக்கூடிய அகலமான முன்பக்கம், குதியும் முன்பாதமும் ஒரே மட்டம், கையால் மடிக்கக்கூடிய மெல்லிய சோல், உள்ளங்கால் வளைவுக்கு முட்டுக் கொடுக்காத தட்டையான உட்புறம். அதோடு வேலைத்தளத்துக்குத் தேவையான, விரல்களை மூடிக் காக்கும் கெட்டியான டோ கெப்பும் ஆணி தடுக்கும் தகடும். சாதாரண சேஃப்டி சப்பாத்தில் பெரும்பாலும் குதி முன்பாதத்தைவிட ஒரு சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கும். இதில் அந்த உயரம் கிடையாது.

புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டு இடத்தில்தான் வழமையாகப் பிழைவிடுகிறார்கள். சப்பாத்தின் இலக்கத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். முதல் நாளே முழு நாளும் போடுகிறார்கள். தோல் இளகும், துணி இளகும், டோ கெப் ஒருநாளும் இளகாது. காலும் ஒரு கிழமையில் மாறாது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த இரண்டையும் பற்றித்தான்.

யாருக்கு வேண்டாம்

வாங்கும் முன் இதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளுங்கள். சீனி வருத்தம் இருந்து பாதத்தில் விறைப்போ எரிவோ உணர்ச்சிக் குறைவோ இருந்தால் இந்தச் சப்பாத்து உங்களுக்கு இல்லை. மெல்லிய சோல் முழுக்க நம்பியிருப்பது பாதத்தின் உணர்ச்சியைத்தான். கல் குத்துவது தெரியாத காலுக்கு அது பாதுகாப்பே அல்ல. சீனி இருக்கிறவர்கள் முதலில் கிளினிக்கில் பாத உணர்ச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய நைலோன் இழையால் தொட்டுப் பார்க்கும் சின்னச் சோதனை அது. பாத எலும்பு அண்மையில் முறிந்தவர்கள், குதிநரம்பில் (கெண்டைக்கால் தசையைக் குதியோடு இணைக்கும் நாணில்) நாட்பட்ட நோ உள்ளவர்கள், பெருவிரல் மூட்டு மடங்காதவர்கள் ஆகியோரும் டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்கவேண்டும்.

வேலையும் முக்கியம். தார் ஊற்றுகிற வேலைக்கு இது சரிவராது, சூடு நேரே உள்ளங்காலுக்கு வரும். பழைய கட்டடம் உடைக்கிற இடத்தில் கண்ணாடி, கம்பி, ஆணி எல்லாம் கலந்து கிடக்கும். அங்கே தடித்த சோலும் இரும்புத் தகடும் உள்ள சப்பாத்தே சரி. கொங்கிரீட் ஊற்றும்போது கம்பூட்ஸ்தான், வேறு பேச்சில்லை. ஈரச் சீமெந்தின் காரத்தன்மை பி.எச். 12, 13 வரை போகும். சப்பாத்துக்குள் ஒழுகினால் மாலையில் கழற்றும்போதுதான் தோல் வெந்திருப்பது தெரியும். கரண்ட் வேலை செய்கிறவர்கள் லேபலில் உள்ள ‘ஆன்டிஸ்டற்றிக்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறவேண்டாம். அது உடலில் சேரும் நிலைமின்னை மெதுவாக நிலத்துக்கு இறக்கும் சோல், மின்சாரத்தைத் தடுக்கிற சோல் அல்ல.

மற்றப்படி களஞ்சியம், கராஜ், மரவேலை, டைல்ஸ் பதித்தல், மூடை ஏற்றி இறக்கல், தோட்டவேலை, மட்டமான தரையில் நடக்கும் கட்டட வேலை ஆகியவற்றுக்கு நன்றாகவே ஒத்துப்போகும்.

நாக்கில் தைத்திருக்கும் லேபல்

உண்மையான சேஃப்டி சப்பாத்து என்றால் நாக்கின் உட்புறத்திலோ பக்கத்திலோ ஐ.எஸ்.ஓ. 20345 என்ற சர்வதேசத் தர இலக்கம் இருக்கும். அதோடு சப்பாத்தின் அளவு, தயாரித்தவர் அடையாளம், செய்த மாதமும் வருடமும், எழுத்துக் குறிகள். இவை ஒன்றும் இல்லாமல் ஸ்போர்ட்ஸ் சப்பாத்து மாதிரி வலைத்துணியில், முன்னால் தட்டினால் ‘டொக்’ என்று சத்தம் வருகிற சாமான் நிறைய விற்பனைக்கு இருக்கிறது. தட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது. இந்தத் தரத்தின்படி டோ கெப் 200 ஜூல் அடியைத் தாங்கவேண்டும். அதாவது 20 கிலோ எடையை ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்திலிருந்து போட்டால் வரும் அடி. அடித்த பிறகும் உள்ளே விரலுக்கு இடம் மிஞ்சவேண்டும்: 42ஆம் அளவுச் சப்பாத்தில் 14 மில்லிமீற்றர். நசுக்கும் சோதனையில் 15 கிலோநியூட்டன், சும்மா சொன்னால் ஒன்றரைத் தொன்.

அடுத்தது எஸ்பி (SB), எஸ்1, எஸ்2, எஸ்3 என்ற வகைகள். பெயார்ஃபுட் வாங்குகிறவர்களைக் குழப்புகிற இடம் இது. எஸ்1, எஸ்2, எஸ்3 மூன்றுக்கும் குதிப் பகுதி 20 ஜூல் அதிர்வை உள்வாங்கவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. மெல்லிய சோலில் அதை எட்டுவது கஷ்டம். அதனால் இவ்வகைச் சப்பாத்துகள் அடிப்படை வகையான எஸ்பி என்ற குறியோடும், பின்னால் கூடுதல் எழுத்துகளோடும் வருவதுண்டு. அது டோ கெப் பலவீனம் என்று அர்த்தமில்லை, டோ கெப் சோதனை எல்லா வகைக்கும் ஒன்றுதான். ஆனால் உங்கள் சைட்டில் ‘எஸ்3 மட்டும்’ என்று சட்டம் இருந்தால் கேற்றிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆகவே காசு கட்டுவதற்கு முன் சேஃப்டி ஒஃபிசரிடம் சப்பாத்தின் குறிகளைக் காட்டி, சரி என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து நடந்து, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கேட்கப் போகும்போது ‘கொடுத்த சப்பாத்தைப் போடவில்லை’ என்ற கதை வராமல் இருக்க அந்தத் துண்டு உதவும்.

ஆணித் தகட்டை இன்னும் கவனமாகப் பாருங்கள். இரும்புத் தகடு இலகுவில் வளையாது. அதனால் பெயார்ஃபுட் செய்கிறவர்கள் நெருக்கமாக நெய்த துணித் தகட்டையே வைக்கிறார்கள். தரத்தின் பழைய பதிப்பில் இருந்த ‘பி’ (P) குறிக்கு 4.5 மில்லிமீற்றர் தடிப்பான சோதனை ஆணியை 1,100 நியூட்டன் விசையில் அழுத்திப் பார்த்தார்கள். கொங்கிரீட் ஊற்ற அடிக்கும் ஷட்டரிங் பலகையில் நிமிர்ந்து நிற்கும் இரண்டங்குல, மூன்றங்குல ஆணி அதைவிட மெல்லியது. துணித் தகட்டின் நூல்களுக்கு இடையால் மெல்லிய ஆணி நுழைய வழியிருக்கிறது. இதற்காகத்தான் 2021இல் வந்த புதிய பதிப்பில் துணித் தகட்டை இரண்டாகப் பிரித்தார்கள்: ‘பிஎல்’ (PL) என்றால் 4.5 மில்லிமீற்றர் ஆணி, ‘பிஎஸ்’ (PS) என்றால் 3 மில்லிமீற்றர் ஆணி. பலகை கழற்றுகிற சைட்டில் நிற்பவர் பிஎஸ் குறி இல்லாததை வாங்கவேண்டாம் என்பது எங்கள் கருத்து.

வழுக்கலுக்குப் பழைய லேபலில் எஸ்ஆர்சி, புதியதில் எஸ்ஆர். தண்ணீர் மேல்தோலால் ஊறாமல் தடுப்பதற்குப் பழையதில் டபிள்யூஆர்யூ, புதியதில் டபிள்யூபிஏ. சூடான தரையைத் தொடவேண்டி வந்தால் எச்ஆர்ஓ. அந்தச் சோலை 300 பாகை செல்சியஸில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்திருப்பார்கள்.

செய்த திகதியை ஏன் பார்க்கச் சொல்கிறோம் என்றால், பொலியூரிதேன் சோல் ஈரக்காற்றில் தானாகவே உக்கும். கொழும்பு மாதிரிக் கடலோர ஊரில் பெட்டிக்குள்ளேயே இருந்து, ஒரு நாளும் போடாத சப்பாத்துகூட மூன்று நாலு வருடத்தில் சோல் ரொட்டித் தூள் மாதிரி உதிர்ந்து போவதுண்டு. ‘பழைய ஸ்டொக், பாதி விலை’ என்று கொடுத்தால் முதலில் அந்த மாதத்தையும் வருடத்தையும் பாருங்கள். பிறகு சோலைப் பெருவிரலால் அழுத்தி மடித்துப் பாருங்கள். வெடிப்பு மயிரளவு தெரிந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடலாம். இறப்பர் சோல் இதில் நம்பகமானது.

கால் அளவு எடுப்பது

பழைய சோனகத் தெருவிலோ மற்ற ஹாட்வெயார் கடைகளிலோ வரிசையில் தொங்குவது பெரும்பாலும் சாதாரண வகைதான். பெயார்ஃபுட் வேண்டுமென்றால் அநேகமாக ஒன்லைனில் வரவழைக்கவேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த சாமானைத் திருப்பி அனுப்புவது பெரும்பாடு. ஆகவே வீட்டிலேயே சரியாக அளந்துவிட்டுத்தான் ஓடர் போடவேண்டும்.

பின்னேரம் வேலை முடிந்து வந்த பிறகு அளவெடுங்கள், கால் அப்போதுதான் ஊதியிருக்கும். வேலைக்குப் போடும் அதே சொக்ஸைப் போடுங்கள். சுவரோடு ஒரு காட்போட் மட்டையை முட்ட வைத்து, குதி சுவரில் படும்படி அதன்மேல் நில்லுங்கள். இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பிய 10 லீற்றர் வாளி ஒவ்வொன்று. 20 கிலோ பாரத்தில் பாதம் எவ்வளவு விரிகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய அளவு. கதிரையில் இருந்து எடுத்த அளவு வேலைக்கு உதவாது. வேறொருவர் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, சாய்க்காமல், பாதத்தைச் சுற்றிக் கோடு போடவேண்டும். பென்சில் உள்ளே சாய்ந்தால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறைந்துவிடும். டோ கெப் விஷயத்தில் அது பெரிய வித்தியாசம். இரண்டு காலையும் வரையுங்கள். பெரிய கால் எதுவோ அதற்கே சப்பாத்து.

அடிமட்டத்தால் குதியிலிருந்து மிக நீண்ட விரல் வரை அளந்து, அதோடு 10 முதல் 12 மில்லிமீற்றர் சேருங்கள். அதுதான் சப்பாத்தின் உள்நீளம். அகலத்தை இரண்டு இடத்தில் அளக்கவேண்டும்: விரல்களின் அடியில் பாதம் மிக அகலமான இடம் ஒன்று, பெருவிரல் பக்கத்திலிருந்து சின்ன விரல் பக்கம் வரை இன்னொன்று. இரண்டாவதை யாரும் அளப்பதில்லை. ஆனால் டோ கெப் இருப்பது அங்கேதான். சிலிப்பரில் வளர்ந்த காலில் இந்த இரண்டு அளவும் கிட்டத்தட்டச் சமமாகவே வரும். சாதாரணச் சப்பாத்திலோ இரண்டாவது இடம் நன்றாக ஒடுங்கியிருக்கும். விற்பவரிடம் இந்த இரண்டு உள்ளளவையும் மில்லிமீற்றரில் கேளுங்கள். ‘வைட் ஃபிட்’ என்று மட்டும் பதில் வந்தால் அது பதில் அல்ல.

சப்பாத்து கைக்கு வந்ததும் வெளியில் போடாமல் மூன்று சோதனை செய்யலாம்.

முதலாவது, நீங்கள் வரைந்த மட்டையைக் கோட்டோடு வெட்டிச் சப்பாத்துக்குள் தள்ளுங்கள். மட்டை தட்டையாகக் கிடக்கவேண்டும். முன்னால் ஓரம் மேலே சுருண்டால் உங்கள் விரலும் அப்படித்தான் சுருளும். உள் சோலை வெளியே எடுத்து அதன்மேல் மட்டையை வைத்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். உள் சோல் டோ கெப்பின் சுவருக்குக் கீழேயும் போகும், அதனால் உள்ளே இருக்கும் இடத்தைவிட அகலமாகத் தெரியும்.

இரண்டாவது, உயரம். ரொட்டிக்குப் பிசைந்த மாவில் கோலிக்குண்டு அளவு எடுத்து லஞ்ச் ஷீட் துண்டில் சுற்றி, சொக்ஸின் மேல் பெருவிரல் நகத்துக்கு நேராக டேப்பால் ஒட்டி, சப்பாத்தை மெதுவாகப் போட்டு எழும்பி நில்லுங்கள். கழற்றி மாவின் தடிப்பைப் பாருங்கள். 3 மில்லிமீற்றராவது மிஞ்சினால் நல்லது. கடுதாசி மாதிரி நசிந்திருந்தால் ஏணியில் இறங்கும்போது நகம் ஒவ்வொரு படியிலும் அடிபடும். ஆய்வுகூடத்தில் டோ கெப்பை அடித்துப் பார்க்கும்போதும் உள்ளே களிமண் உருளை வைத்துத்தான் மிஞ்சிய இடத்தை அளக்கிறார்கள். அந்தச் சோதனையின் குசினிப் பதிப்பு இது.

மூன்றாவதுதான் பலரும் தவறவிடுவது. குதி தரையில் படக் குந்தி இரண்டு நிமிடம் இருங்கள். பிறகு டைல்ஸ் பதிக்கிறவர் மாதிரி ஒரு முழங்காலை ஊன்றி, பின்காலின் விரல்களை மடித்து இரண்டு நிமிடம். சோல் மெல்லிசாக இருப்பதால் சப்பாத்து டோ கெப்பின் பின்விளிம்பில்தான் மடியும். அந்த விளிம்பு பெருவிரல் அடிமூட்டின் மேலோ சின்ன விரலின் முட்டியிலோ குத்துகிறதா என்று பாருங்கள். கழற்றியதும் தோலில் சிவப்புக் கோடு பத்து நிமிடத்துக்கு மேல் மறையாவிட்டால் அந்த வடிவம் உங்கள் காலுக்கு ஒத்துவராது. அளவைக் கூட்டினாலும் சரிவராது, விளிம்பு வேறிடத்தில் குத்தும்.

பன்னிரண்டு கிழமை

குதி உயர்ந்த சப்பாத்தில் பல வருடம் நடந்தவரின் கெண்டைக்கால் தசையும் குதிநரம்பும் அந்த உயரத்துக்குப் பழகியிருக்கும். மட்டமான சோலுக்கு வரும்போது இரண்டும் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக இழுபடும். தசை சில கிழமையில் பலப்படும், நரம்புக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு வேண்டும். ஆள் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். மூன்றாம் கிழமையில் கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும், ஐந்தாம் கிழமையில் பாதத்தின் மேற்பக்க எலும்பு நோகத் தொடங்கும். அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மெல்லிய சோலுக்கு 10 கிழமையில் மாறிய ஓட்டக்காரர் 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர்க்கோப்பு கூடியது எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது. அவர்கள் ஓடினார்கள், மூடை தூக்கவில்லை. எலும்புக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

‘நான் சின்ன வயதிலிருந்து வெறுங்காலில் திரிந்தவன், எனக்கெதற்குப் பழக்கம்’ என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயம்தான். புறக்கோட்டையில் கைவண்டில் இழுக்கும் நாட்டாமிகளின் பாதம் சிலிப்பரிலேயே உரமேறியது. ஆனால் அது வருடக்கணக்கில் ஏறிய உரம். இடையில் நீங்கள் ஐந்து வருடம் தடித்த சப்பாத்தில் நின்றிருந்தால் அந்தக் கணக்குத் திரும்பவும் முதலிலிருந்து.

முதல் இரண்டு கிழமை வேலைத்தளத்துக்குச் சப்பாத்தைக் கொண்டுபோகவே வேண்டாம். வீட்டில் வெறுங்காலோடு நடவுங்கள். பின்னேரத்தில் சப்பாத்தைப் போட்டு 20, 30 நிமிடம் தெருவில் நடவுங்கள். வெள்ளவத்தைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடற்கரை வீதி வசதி, கொட்டாஞ்சேனைக்காரர்களுக்குத் தெரு ஓரமே போதும். நாளுக்கு ஒரு முறை குதியைத் தூக்கி இறக்கும் பயிற்சி: சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலிலும் 15 தடவை, மூன்று சுற்று. ஏறுவது எப்படியும் போகட்டும், இறங்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணவேண்டும். பிறகு ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். ஒற்றைக் காலில் நோ இல்லாமல் 20 தடவை செய்ய முடிந்தால் சப்பாத்தை வேலைக்குக் கொண்டுபோகலாம். முடியாவிட்டால் இன்னும் இரண்டு கிழமை. அவசரமில்லை.

மூன்றாம், நாலாம் கிழமை வேலையில் ஒரு மணித்தியாலம். அதுவும் காலையில், கால் களைக்காத நேரத்தில், மட்டமான தரையில், பாரம் இல்லாத வேலைக்கு. மற்ற நேரம் பழைய சப்பாத்து. இரண்டு சோடியையும் பையில் கொண்டு திரிவது தொல்லைதான், அதைத் தவிர்க்க வழியில்லை. ஐந்தாம் கிழமையிலிருந்து இரண்டு நாளைக்கொரு முறை அரை மணித்தியாலம் கூட்டுங்கள். எட்டாம் கிழமை முடியும்போது அரைநாள் வந்திருக்கும். பாரத்தை நேரத்தோடு சேர்த்துக் கூட்டாதீர்கள். ஒரு கிழமை நேரம் கூடினால் பாரம் அப்படியே, அடுத்த கிழமை பாரம் கூடினால் நேரம் அப்படியே. ஒன்பதாம் கிழமையில் ஒன்றுவிட்ட ஒரு நாள் முழுநாள், பாரம் 20, 25 கிலோ வரை. 50 கிலோ சீமெந்து மூடை பன்னிரண்டாம் கிழமைக்குப் பிறகு. ஏணியும் கட்டடச் சாரமும் அதற்கும் பிறகு.

பெட்டியில் வரும் 3 முதல் 5 மில்லிமீற்றர் உள் சோலை முதல் இரண்டு மாதம் எடுக்காதீர்கள். எடுத்தாலும் தயாரிப்பாளர் அனுமதித்ததாக இருக்கவேண்டும். சோதனை செய்தபோது உள்ளே என்ன இருந்ததோ அதற்குத்தான் லேபல் பொருந்தும். கடையில் வாங்கின மெத்தையை உள்ளே போட்டால் ஆன்டிஸ்டற்றிக் குணம் போய்விடலாம், டோ கெப்பின் உயரத்திலும் அவ்வளவு குறையும்.

நோவைப் பிரித்தறியப் பழகுங்கள். கெண்டைக்கால் முழுக்கப் பரவிய இறுக்கம் இரண்டு நாளில் தணிந்தால் அது தசை வேலை செய்ததன் அடையாளம். காலையில் கட்டிலால் இறங்கி முதல் அடி வைக்கும்போது குதியில் குத்தினால் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு விரலால் அழுத்திக் காட்டக்கூடிய ஒற்றை இடத்தில், பாதத்தின் மேற்பக்கத்தில் நோ, அதோடு வீக்கமும் இருந்தால் அன்றே நிறுத்தி டொக்டரிடம் போங்கள். எலும்பில் மயிர்வெடிப்பாக இருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். எனவே ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்றதும் அடுத்த நாள் மூடை தூக்கப் போகாதீர்கள். சித்தாலேப பூசிக்கொண்டு சமாளிக்கிற நோ அல்ல அது.

வேலையில் கால் வைக்கும் விதம்

லொறியிலிருந்து குதிக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதென்றால் அது இதுவாக இருக்கட்டும். லொறித் தட்டு ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரம். தடித்த சப்பாத்தில் ஆயிரம் தடவை குதித்துப் பழகிய உடம்பு யோசிக்காமலே குதிக்கும். மெல்லிய சோலில் அந்த அடி முழுக்கக் குதி எலும்புக்கும் விரல் அடி எலும்புகளுக்கும் போகும். திரும்பி நின்று, தட்டைப் பிடித்து, ஒவ்வொரு காலாக இறங்குங்கள்.

நடக்கும்போது அடி எடுத்து வைக்கும் தூரத்தைக் குறையுங்கள். குதி முதலில் படுவதில் பிழையில்லை, ‘டங்’ என்று குத்தாமல் பட்டால் போதும். வெறுங்கால் பாணி என்றதும் நாள் முழுக்க முன்பாதத்தில் நடக்கவேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். கெண்டைக்கால் இறுகிப் போவதற்கு அதைவிடச் சுருக்கவழி இல்லை. மூடை தூக்கும்போது விரல்களை விரித்துத் தரையை அமத்தி, குதியைக் கிளப்பாமல் எழும்புங்கள். குதி மட்டமாக இருப்பதன் நன்மை இங்கேதான் கிடைக்கும்: பாரம் முன்னால் சாயாமல் பாதத்தின் நடுவில் நிற்கும்.

கொங்கிரீட் தரையில் ஒரே இடத்தில் நிற்கும் வேலை என்றால், வெல்டிங் மேசை, வெட்டும் மெசின் போன்றவற்றுக்கு முன், ஒரு பிளைவுட் துண்டையோ இறப்பர் விரிப்பையோ போட்டு அதன்மேல் நில்லுங்கள். கம்பி கட்டின ஸ்லாபின் மேல் நடக்க நேர்ந்தால் கம்பிக்கு மேலே பலகை போட்டு நடவுங்கள். 12 மில்லிமீற்றர்க் கம்பி மெல்லிய சோலால் உள்ளங்கால் வளைவில் வெட்டுகிற மாதிரிப் படும்.

ஏணி தனி விஷயம். சாதாரணச் சப்பாத்தில் குதிக்கு முன்னால் ஒரு படி இருக்கும், அது ஏணிக் குறுக்கில் கொளுவும். இதில் பெரும்பாலும் அது இல்லை. கால் முன்னுக்கு வழுக்கக்கூடும். நடுப்பாதத்தில் நின்றால் குறுக்குக் கட்டை நோகும், அதனால் முன்பாதத்துக்கு மாறுவீர்கள், பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் நடுங்கும். நாளில் பாதிக்கு மேல் ஏணியில் நிற்பவர் சாதாரணச் சப்பாத்தையே போடட்டும். அகலமான முன்பக்கம் உள்ள சாதாரண வகையும் கிடைக்கிறது.

லேஸ் கட்டும்போது விரல் பக்கத்தைத் தளர்வாக விட்டு, கணுக்கால் மடிப்பில் ஒரு முடிச்சுப் போட்டுப் பூட்டி, அதற்கு மேலே இறுக்குங்கள். குதி எழும்பக்கூடாது, விரல் அசையவேண்டும். மேலிருந்து கீழ் வரை ஒரே இறுக்கமாகக் கட்டினால் அகலமான சப்பாத்து வாங்கியதில் பிரயோசனமே இல்லை.

மழையும் வேர்வையும்

சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் கொழும்பில் சப்பாத்து காய்வது என்பது தனி வேலை. மெல்லிய சோலில் சேறு ஏறினால் பிடிப்பு உடனே போய்விடும், சோலின் அடியில் உள்ள கோட்டுப் பள்ளங்கள் ஆழம் குறைவு. ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் பையில் இருக்கட்டும். பருத்திச் சொக்ஸ் வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறவைக்கும். செயற்கை நூல் கலந்ததோ மெல்லிய கம்பளி கலந்ததோ நல்லது. மத்தியானம் ஒரு சோடி மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள் சோலை வெளியே எடுத்து, பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணித்தியாலத்தில் பேப்பரை மாற்றி, ஃபேனுக்கு முன்னால் வையுங்கள். நேர் வெய்யிலும் அடுப்படியும் வேண்டாம், பசை விடும், தோல் வெடிக்கும்.

விரல் இடுக்கைத் துவாயால் ஒற்றித் துடையுங்கள். சேற்றுப்புண் வந்தால் பாமசியில் குளோட்றிமசோல் கிரீம் கேட்டுப் பூசலாம். ஆறினது போலத் தெரிந்ததும் நிறுத்தாமல் இன்னும் இரண்டு கிழமை பூசவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். காலில் வெடிப்போ புண்ணோ இருக்கும்போது வெள்ளத்தண்ணீரில் இறங்காதீர்கள். களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணீர் நிற்கும் நாட்களில் எலிக்காய்ச்சல் வருவது இப்படியான புண்கள் வழியாகவும்தான்.

சோலைத் துளைத்து ஆணி காலில் ஏறிவிட்டால், புண் சின்னதாக இருந்தாலும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆணியோடு சேர்ந்து சோல் துணுக்கும் சொக்ஸ் நூலும் உள்ளே போயிருக்கும், அதுதான் பிறகு சீழ் கட்டுவது. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். அந்தத் திகதியை ஃபோனில் எழுதி வைத்திருப்பது நல்லது. துளைபட்ட சப்பாத்தை ஒட்டிப் பாவிக்கமுடியாது.

மாற்றவேண்டிய நேரத்தைச் சோல் காட்டும். இது சாதாரணச் சப்பாத்தைவிடச் சீக்கிரம் தேயும். முதலில் மெல்லிசாகத் தொடங்கியதால் தேய இடமும் குறைவு. பெருவிரல் அடியிலும் குதியின் வெளிப்பக்கத்திலும் பள்ளம் 2 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் வழுக்கத் தொடங்கும். தகட்டின் துணி கண்ணுக்குத் தெரிந்தால் அன்றோடு சரி. டோ கெப்பில் பாரமான ஒன்று விழுந்திருந்தால் வெளியே சுருக்கமே இல்லாவிட்டாலும் மாற்றுங்கள். ஃபைபர் கெப் உள்ளே வெடித்துவிட்டு மேலே பழைய வடிவத்துக்கே திரும்பி நிற்கும், அடுத்த அடியைத் தாங்காது. அப்படிப்பட்ட சோடியைக் குப்பையில் போடும் முன் நாக்கையும் லேஸ் துளைகளையும் கத்தியால் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்குக் காலையில் யாரோ ஒரு கையாள் அதைப் பொறுக்கி, நல்ல சப்பாத்து என்று நினைத்துப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்து நிற்பார்.